மார்க் போட வந்தவர்

கூட்டத்தில் ஒருவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்ததுமே வழிகாட்டி முடிவு கட்டிவிட்டார். ஆள் இவர்தான். சந்தேகமே இல்லை.

வீட்டுக்குப் பக்கத்திலேயே காடு பார்க்கலாம் என்று விளம்பரம் செய்யும் பூங்கா அது. ஞாயிற்றுக்கிழமை குடும்ப நடை, குளத்தைச் சுற்றி ஒரு வட்டம், இரண்டு மணி நேரம். வழிகாட்டியின் மூன்று மாதப் பயிற்சி நேற்றோடு முடிந்திருந்தது.

"நாளைக்கு வர்ற கூட்டத்துல ஒருத்தர் உங்களுக்கு மார்க் போடுவாங்க. யாருன்னு சொல்ல மாட்டோம்" என்று மேலாளர் அம்மா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். தேறினால் வேலை நிரந்தரம். தவறினால் பழையபடி செருப்புக் கடை, அடுத்தவர் காலடியில் குந்தியிருக்கும் உத்தியோகம்.

காலையில் மனைவி தைரியம் சொல்லித்தான் அனுப்பினாள். "தெரியலைன்னாலும் தெரிஞ்ச மாதிரி அடிச்சு விடுங்க. என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி எங்கப்பாகிட்ட அடிச்சு விடலையா?"

ஆறு வருடம் செருப்பு விற்றவர், மனிதர்களைக் காலிலிருந்துதான் படிப்பார். வந்திருந்த ஐந்து பேரையும் வாசலிலேயே படித்து முடித்துவிட்டார். பென்சில்காரருக்குக் கணுக்கால் வரை பூட்ஸ், பளபளவென்று பாலிஷ், அதிகாரியேதான். இளம் ஜோடி ஒன்று, இரண்டு பேருக்கும் ஒரே நிறச் செருப்பு; கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, காட்டைப் பார்க்கப் போவதில்லை.

மிச்சம் ஓர் அம்மாவும் மகளும். அம்மா வீட்டுச் செருப்போடு தூங்கி வழிந்துகொண்டிருந்தார். மகளுக்கு ஒன்பது வயதிருக்கும். ஷூவின் அடிப்பாகம் வழவழவென்று தேய்ந்து, ஓரமெல்லாம் காய்ந்த சேறு. பிள்ளைக்குப் புதுசு வாங்கித் தராத கஞ்சம் என்று அந்த அம்மாவின் கதையையும் முடித்தார்.

"சார், நீங்க முன்னாடி வாங்க சார். இந்தப் பக்கம் நிழல்."

பென்சில்காரர் கையிலிருந்த சின்னப் புத்தகத்தைப் பிரித்தார். "தம்பி, மழைக்கு அப்புறம் குடை மாதிரி முளைக்குமே, அது என்ன?"

இவ்வளவு சுலபமாகவா ஆரம்பிப்பார்கள்? "காளான் சார்!"

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "சரியா இருக்கு" என்று எழுதிக்கொண்டார். முதல் மார்க் விழுந்துவிட்டது.

அந்தத் தெம்பில் வழிகாட்டிக்கு வாய் நீண்டது. கிளையில் ஒரு சாம்பல் நிறப் பறவை. பெயர் தெரியாது. மனைவியை மனதில் நினைத்துக்கொண்டார். "அதோ பாருங்க சார், நீலவால் நெட்டையன். மூவாயிரம் கிலோமீட்டர் பறந்து வருது, நம்ம குளத்துத் தண்ணியக் குடிக்கிறதுக்குன்னே."

பறவை திரும்பி உட்கார்ந்தது. வாலும் சாம்பல்தான்.

"நல்ல பேரு. ஆனா இதுக்குள்ள அடங்காது" என்று பென்சில்காரர் உதட்டைப் பிதுக்கினார். ஒரு மார்க் போச்சு.

அந்த நேரம் பார்த்து யாரோ சட்டையை இழுத்தார்கள். அந்தச் சிறுமி. "அங்கிள், இந்த இலையில யாரு கிறுக்கி வச்சது?" இலை முழுக்க வெள்ளையாக ஒரு கோடு வளைந்து வளைந்து ஓடியது.

"அப்புறம் சொல்றேம்மா."

"அப்புறம்னா எப்போ?"

பென்சில்காரர் தள்ளிப்போய் ஒரு பாறையில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார். இங்கே பேசுவது அவர் காதில் விழாது. மார்க் கிடைக்காத இடத்தில் பொய் சொல்லி ஆகப்போவது என்ன?

"சத்தியமா எனக்குத் தெரியலைம்மா. உள்ள யாராவது இருக்காங்களான்னு பாத்துடலாமா?"

இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து இலையை வெயிலுக்கு நேரே பிடித்தார்கள். கோட்டின் நுனியில், இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே, கடுகளவு புழு ஒன்று நெளிந்துகொண்டிருந்தது.

"ஐயோ, சாப்பிட்டுக்கிட்டே ரோடு போடுது!"

"நம்ம தெரு ரோடு மாதிரி குண்டும் குழியுமா இல்ல பாரு. நல்ல கான்ட்ராக்டர்."

அவள் சிரித்த சிரிப்பில் இளம் ஜோடிகூட ஒரு நொடி காட்டைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த இலை, அதற்கடுத்த இலை என்று கால் மணி நேரம் ஓடியபிறகுதான் வழிகாட்டிக்கு உறைத்தது. பரீட்சையை விட்டுவிட்டுப் புழு பார்த்துக்கொண்டிருக்கிறோம்! விழுந்தடித்துக்கொண்டு பாறைக்கு ஓடினார்.

வட்டம் முடிந்து வாசலுக்கு வந்ததும் பென்சில்காரர் புத்தகத்தைப் படாரென்று மூடினார். "மேலிருந்து கீழ் மொத்தமும் முடிஞ்சுது தம்பி! அந்தக் காளான்தான் ரெண்டு நாளா மாட்டாம இருந்துச்சு."

அட்டையில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'நூறு குறுக்கெழுத்துப் புதிர்கள்'.

வழிகாட்டி சுற்றிலும் பார்த்தார். இளம் ஜோடி ஏற்கெனவே தெருமுனையைத் தாண்டியிருந்தது. அப்படியென்றால் அந்த வீட்டுச் செருப்பு அம்மா! இரண்டு மணி நேரத்தில் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"மேடம், தண்ணி குடிக்கிறீங்களா? நாற்காலி போடட்டுமா?"

"எதுக்கு?" என்று அவர் கொட்டாவி விட்டார்.

அதற்குள் மேலாளர் அம்மா கையில் ஒரு தாளோடு அலுவலகத்திலிருந்து வந்துவிட்டார். பென்சில்காரரைத் தாண்டினார். கொட்டாவி அம்மாவையும் தாண்டினார். சிறுமியின் முன்னால் குனிந்து நின்றார்.

"சொல்லுங்க மேடம். இவரை வேலைக்கு வச்சுக்கலாமா?"

"வச்சுக்கலாம் ஆன்ட்டி. இதுக்கு முன்னாடி வேலைக்கு வந்த நாலு பேருக்கும் எல்லாமே தெரிஞ்சிருந்துச்சு."