ஒற்றைக் காலில்

"கண்ணை எங்கடி வச்சுக்கிட்டு நடக்கற? மறுபடியும் விழுந்திருக்க."

மரம்பா சந்தையில் பழைய துணிக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சிபேகோ தலை நிமிரவில்லை. சட்டைகளை உதறி உதறி மடித்துக்கொண்டிருந்தாள். இடது முழங்கையில் புதுக் கட்டு.

லுயாண்டோவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஓட்டல் சலவைக்கூடத்தில் மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி அரைநாள் லீவு வாங்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். இவளானால் துணி வாங்க யாரோ வந்து நிற்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்தே இருவரும் சிநேகிதிகள். அந்தச் சிநேகிதம் எந்தக் காலத்திலும் விட்டுப்போகக் கூடாது என்றுதான் தன் தம்பி மைன்சாவுக்கே இவளைப் பேசிக் கட்டிவைத்தாள் லுயாண்டோ.

மழைக்காலம் ஆரம்பித்ததிலிருந்து சிபேகோ விழுந்துகொண்டே இருந்தாள். குளிக்கிற இடத்தில் சோப்பு வழுக்கி ஒரு தடவை. மினிபஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் தவறி ஒரு தடவை. இப்போது வாசற்படி. ஒவ்வொரு முறையும் மைன்சாதான் பதறிப்போய் அக்காவுக்குப் போன் போடுவான். இவள் வாயைத் திறக்க மாட்டாள்.

லுயாண்டோவின் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சமதரையில் நடக்கும்போதே தடுமாறுவாள். வயசாகிறதல்லவா என்று எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஒரு நாள் விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை. கோளாறு காலில் இல்லை, தலைக்குள் என்று டாக்டர் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் பயம்தான் இப்போது லுயாண்டோவின் வாயில் கோபமாக வந்துகொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டேங்கற. யோகாவுக்காவது வாடின்னா அதுக்கும் ஒரு சாக்கு. உனக்கு என்னதான்டி பிரச்சினை?"

நமதாமா டீச்சர் சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூட ஹாலில் யோகா சொல்லிக்கொடுக்கிறாள். லுயாண்டோ அங்கே போக ஆரம்பித்த பிறகு முழங்கால் வலி குறைந்து, நடை உறுதியாகியிருந்தது. வந்து பார், நிதானம் வரும், விழ மாட்டாய் என்று சிபேகோவை எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாள். முதலில், பாஸ்டர் திட்டுவார் என்றாள் சிபேகோ. பாஸ்டரின் மனைவியே பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றதும் அந்தச் சாக்கு போயிற்று. பிறகு உடம்பு பெருத்துவிட்டது, குனிய முடியாது என்றாள். அதற்குப் பிறகு, சனிக்கிழமை வியாபாரம் கெடும் என்றாள்.

"என்னை விட்டுடு" என்றாள் சிபேகோ இப்போது. குரல் தணிந்திருந்தாலும் அதில் சூடு இருந்தது. "எனக்கு எது நல்லதுன்னு நீயே முடிவு பண்ணாத. ஒரு தடவ முடிவு பண்ணினது போதும்."

"என்னடி பேச்சு இது? உனக்காக வேலையை விட்டுட்டு வந்து நிக்கறேன் பாரு, என்னைச் சொல்லணும்."

பக்கத்துக் கடைத் தக்காளிக்காரி திரும்பிப் பார்த்தாள். லுயாண்டோ குரலைத் தணிக்கவில்லை. உனக்குத் திமிர், யார் சொன்னாலும் கேட்பதில்லை, என் தம்பி பாவம், வேலைக்கும் போய் உன்னையும் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் தாங்குவான் என்று பொரிந்து தள்ளினாள். சிபேகோ ஒரு சட்டையையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, நான் சொன்னா கேக்க மாட்ட. மைன்சாகிட்டயே சொல்றேன். அவன் கூட்டிட்டு வரட்டும்." லுயாண்டோ போனை எடுத்தாள்.

சிபேகோ சட்டென்று எழுந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அவருக்குப் போன் பண்ணாத. வரேன்."

கடைசியில் ஜெயித்துவிட்டோம் என்று லுயாண்டோவுக்குத் தோன்றியது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை. சனிக்கிழமை பள்ளிக்கூடம் போகும்போதும் சிபேகோவுக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள்.

ஹாலில் பெண்கள் பாய் விரித்து நின்றார்கள். கொஞ்ச நேரம் மூச்சு, கொஞ்ச நேரம் குனிதல், நிமிர்தல். அப்புறம் ஒரு பாதத்தைத் தூக்கி மறு தொடையில் பதித்து, கைகளை நெஞ்சுக்கு நேரே கூப்பி, மரம் மாதிரி நிற்கச் சொன்னாள் டீச்சர். நின்ற வேகத்திலேயே பாதிப் பேர் கோழி மாதிரி நொண்ட ஆரம்பித்தார்கள். பாஸ்டரின் மனைவி சுவரைப் பிடித்தாள். இத்தனை நாள் பழகிய லுயாண்டோவே ஆடிப்போய்க் காலைக் கீழே போட்டுவிட்டு, சிபேகோ விழுந்தால் பிடிப்பதற்காக அவசரமாகத் திரும்பினாள்.

சிபேகோ நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு துளி ஆட்டம் இல்லை. முடிந்தவர்கள் கண்ணை மூடுங்கள் என்றாள் டீச்சர். மூடினாள். அப்போதும் ஆடவில்லை. மற்றவர்கள் எல்லோரும் காலை இறக்கிவிட்டு அவளையே பார்த்தார்கள். நமதாமா டீச்சர் அவளைச் சுற்றி வந்து, "இவங்களுக்கு நிக்க நான் சொல்லித்தர வேண்டியது ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

லுயாண்டோவின் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. அம்மாவின் நோய் இல்லை. தலைக்குள் ஒன்றும் இல்லை. அந்த நிம்மதி வந்த கையோடு, அடக்கி வைத்திருந்த கோபமும் மறுபடி கிளம்பியது. கிட்டே போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"இவ்வளவு அழகா நிக்கத் தெரிஞ்சவ, ஏன்டி போற இடமெல்லாம் விழற?"

சிபேகோ கண்ணைத் திறக்கவில்லை. காலையும் இறக்கவில்லை.

"நான் ஒரு தடவகூட விழல, லுயாண்டோ. விழுந்துட்டேன்னு ஒவ்வொரு தடவையும் உனக்குப் போன் பண்ணினது உன் தம்பி."