தோட்டத்துக்கு அந்தப் பக்கம்

“அத்தை ரூம் இங்க வரட்டும் சார்.”

மருமகள் மனை வரைபடத்தில் பேனாவால் தொட்ட இடத்தைப் பார்த்த ஆர்க்கிடெக்ட், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மனையின் கடைசி மூலை. ஒரு பெரிய மரம். அதுக்கு அப்புறம் மதில்தான்.

“அவ்வளவு தூரத்துலயா? வீடு முன்னாடியில்ல வருது?”

“ஆமா. நடுவுல தோட்டம். நல்லா அடர்த்தியா. ஹால்ல உட்கார்ந்து பார்த்தா அந்த ரூம் இருக்கறதே தெரியக் கூடாது.”

“மழை பெஞ்சா அம்மா எப்படிச் சாப்பிட வருவாங்க?”

“அங்கேயே சின்னதா ஒரு சமையலறை வச்சிடுங்க. வரவே வேண்டாம்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் உச்சுக்கொட்டினான். “அம்மா நம்ம பக்கத்து ரூம்ல இருந்தா என்ன?”

“நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

அவன் வரைபடத்தை அவள் பக்கமே நகர்த்தி வைத்தான்.

ஆர்க்கிடெக்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டையும் தோட்டத்தையும் சேர்த்து இழைப்பதில் அவர் பெரிய கை. ஒரு கிளையை வெட்ட மனசில்லாமல் மாடிச் சுவரையே வளைத்துக் கட்டியவர். ஆனால் மாமியாரை மறைக்கச் செடி வைத்துத் தரச் சொல்லி இதுவரை யாரும் அவரிடம் வந்ததில்லை.

‘நான் இருக்கிறவரைக்கும் இது நடக்காது’ என்று மனசுக்குள் கறுவிக்கொண்டார்.

மனையில் கோடு போட்டுக் காட்டும் நாள் வந்தது. மாமியாரை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார். வாட்டசாட்டமான பெண்மணி. காரிலிருந்து அவர் காலை எடுத்து வைப்பதற்குள் மகன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

“பார்த்தும்மா, கல்லு. பார்த்தும்மா, பள்ளம். வெயில்ல நிக்காதம்மா.”

இப்படிப்பட்ட பிள்ளைக்கு அப்படி ஒரு பெண்டாட்டியா என்று ஆர்க்கிடெக்ட் நொந்துகொண்டார்.

தரையில் சுண்ணாம்புக் கோடுகள் பளிச்சென்று இருந்தன.

“வீட்டுக்கு நடுவுலயே ஒரு குட்டித் தோட்டம். மேலே திறந்த வானம். இந்தப் பக்கம் உங்க ரூம், எதிர்ல அம்மா ரூம். ரெண்டு பக்கமும் சுவரே கிடையாது, வெறும் கண்ணாடிதான்!”

மகன் குதிக்காத குறை. “அடடா! கட்டில்ல படுத்துக்கிட்டே அம்மா தூங்குறாங்களா, மாத்திரை போட்டாங்களான்னு பார்த்துக்கலாம்!”

மருமகள் முகம் கடுகடுத்தது. “நான் சொன்னது இது இல்லையே சார். அந்த மரத்தடியிலதான் வேணும்.”

“போதும் நிறுத்து!” மகன் கத்தினான். “எங்கம்மா உனக்கு அவ்வளவு பாரமா? நெஞ்சுல கொஞ்சமாவது ஈரம் இருக்கா உனக்கு?”

அவள் மாமியாரை ஒரு பார்வை பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஆர்க்கிடெக்டுக்கு உள்ளுக்குள் ஏக குஷி.

“தம்பி, கொஞ்சம் இப்படி வாங்க. அந்த மரத்தைப் பார்க்கணும்” என்றார் மாமியார். கூடவே கிளம்பிய மகனை, “நீ இங்கேயே இரு” என்று கையமர்த்திவிட்டு விடுவிடுவென்று நடந்தார்.

மரத்தடிக்கு வந்ததும் ஆர்க்கிடெக்ட் குரலைத் தாழ்த்தினார். “கவலைப்படாதீங்கம்மா. உங்க மருமக என்ன குதி குதிச்சாலும் இந்த மூலைக்கு உங்களைத் தள்ள நான் விட மாட்டேன்.”

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

“கெடுத்தீங்களே காரியத்தை! தும்மினா டாக்டரு, படியேறினா கூச்சலு, நிம்மதியா ஒரு படம் பார்த்தா ‘கண்ணு போயிடும்மா’ன்னு புலம்பலு. இவன் பாசத்துல எனக்கு மூச்சு முட்டுது தம்பி! என் இஷ்டத்துக்கு இங்க கிடக்கலாம்னு திட்டம் போட்டதே நான்தான். நானே கேட்டா பையன் மனசு உடைஞ்சிடும்னு, பாவம், அந்தப் பொண்ணு தானே கேட்கிற மாதிரி கேட்டு, எனக்காகத் திட்டு வாங்கிட்டு நிக்குது!”