விளிம்பில் எழுதியது

“அதைத் தூக்கி உள்ளுக்கை வையும். சாமிப் படத்துக்குக் கீழை விளங்காத எழுத்தோ?”

கணவர் தவரத்தினம் இப்படிச் சொன்னதும் யோகராணிக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. பிரெஞ்சுத் தலைநகரத்து லா ஷப்பலில் அவர்களுடைய புதுச் சாப்பாட்டுக் கடைக்கு இன்று திறப்பு விழா. அந்த நீலக் கிண்ணம் அதற்கென்றே வந்த பரிசு.

கொடுத்தவர் கம்ரான், ஈரான்காரர். பக்கத்துத் தெருவில் மண்பாண்டப் பட்டறை வைத்திருக்கிறார். எண்ணூறு வருஷத்துக்கு முந்திய பாரசீகப் பாத்திரங்களைப் பார்த்து, அதே நீல மெருகு, அதே கொடி என்று புதிதாகச் செய்கிற மனிதர். மத்தியானச் சோறு அவருக்கு இவர்களுடைய பழைய சின்னக் கடையில்தான்.

கிண்ணம் கொள்ளை அழகு. விளிம்பைச் சுற்றி ஓடிய கறுப்பு எழுத்துதான் பிரச்சினை.

“ஏதும் அவையின்ரை சமயமா இருக்கும். வாற சனம் என்ன சொல்லும்?”

“அவர் அப்பிடியான ஆளில்லையப்பா.”

“நல்ல மனுசன்தான். எண்டாலும் அவை தங்கடை விசயத்தைத்தானே எழுதுவினம்.”

நல்ல நாளும் அதுவுமாக வாக்குவாதம் வேண்டாமென்று யோகராணி கிண்ணத்தை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தாள். மனசு கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கம்ரான் கோட் சூட்டோடு வந்தார். கண் நேரே சாமிப் படத்துக்குக் கீழிருந்த நிறைகுடத்து மேசைக்குப் போனது, பிறகு அலுமாரிக்கு. கிண்ணத்தை எங்கும் காணாமல் ஒரு மூலைக் கதிரையில் உட்கார்ந்தார்.

அந்த முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய்க் கிண்ணத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

“மன்னியுங்கள், மிஸ்யே கம்ரான். எழுத்து விளங்காமல் நாங்கள்தான் ஒளித்துவைத்தோம். என்ன எழுதியிருக்கிறது?” என்று பிரெஞ்சில் கேட்டாள்.

சாம்பிராணித் தட்டும் கையுமாகத் தவரத்தினம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

கம்ரான் சிரித்துவிட்டார். “அந்தக் காலத்துக் கிண்ணங்களில் சாப்பிடுகிறவருக்கு ஒரு நல்ல வார்த்தை எழுதுவார்கள். எழுத்து எங்களுடையது. வார்த்தை மட்டும் எனக்குத் தெரியாத பாஷை. தினமும் நான் கதவைத் திறந்ததும் நீங்கள் சொல்வது. காதால் கேட்டபடியே எழுதினேன். அர்த்தம் கேட்டதில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை.”

விளிம்பில் விரலை ஓட்டி, எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“வாங்...கோ. இருங்...கோ. வடிவாச் சாப்...பிடுங்கோ.”