முதலில் மூட்டை

“ப்ரேபன், என்ன காரியம் பண்ணிட்டிருக்கீங்க?”

சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள் மலேனா. நகராட்சி நர்ஸ். கோபம் வந்தால் அவளுக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். இப்போது நன்றாகவே சிவந்திருந்தது.

பின்னே? நடக்க முடியாத ப்ரேபனின் மனைவி ஆஸ்தாவைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைக்க நகராட்சி கொடுத்த மெஷின், அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அதன் கொக்கியில் ஒரு துணி மூட்டை. மூட்டை, பெரிய அண்டாவில் வெந்நீருக்குள் ஊறிக்கொண்டிருந்தது. வீடு முழுக்க இனிப்பாகக் கஞ்சி வாசனை.

“பீர் காய்ச்சறேன்,” என்றார் ப்ரேபன், ஏதோ காபி போடுகிறவர் மாதிரி. “உள்ள முளைகட்டின பார்லி. ஊறினா பொணம் கனம் கனக்குது. கையால தூக்கினா இடுப்பு போயிடும். மெஷின் சும்மாதானே நிக்குது?”

சும்மா நிற்கிறதாம். அது சும்மா நிற்பதுதானே மலேனாவுக்குத் தலைவலி.

பக்கவாதம் வந்த புதிதில் ஒரே ஒரு தடவை ஆஸ்தாவை அதில் தூக்கினார்கள். எந்தப் பொத்தானை அமுக்குவது என்று நகராட்சிப் பணிப்பெண்கள் இரண்டு பேரும் பாதியில் விவாதம் பண்ண, ஆஸ்தா அந்தரத்தில் ஆடினாள். “பன்னியை எடை போடற மாதிரி தொங்கவிடறீங்களா? செத்தாலும் இனிமே இதுல ஏறமாட்டேன்” என்று சொன்னவள்தான். அன்றிலிருந்து கையால்தான் தூக்குகிறார்கள். இரண்டு பெண்களுக்கும் முதுகு பிடித்துக்கொண்டது. நாளையிலிருந்து கையால் தூக்கக்கூடாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. மெஷினில் ஏறாவிட்டால் முதியோர் இல்லம். அறை தயார். கடைசியாக ஒரு தடவை கெஞ்சிப் பார்க்கலாம் என்றுதான் மலேனா வந்திருந்தாள்.

“நாளைக்கு உங்க பொண்டாட்டி இந்த வீட்ல இருப்பாங்களான்னே தெரியல. இந்த நேரத்துல உங்களுக்குக் குடி கேக்குதா?”

ப்ரேபன் மெஷினின் ரிமோட்டைக் கையில் எடுத்தார். சன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்த ஆஸ்தாதான் பேசினாள்.

“அவன்கிட்ட அப்புறம் சண்டை போடு. முதல்ல அந்த மூட்டையை நாசம் பண்ணாம இருக்கானான்னு பாரு.”

இந்த வீட்டில் பீர் காய்ச்சுவது எப்போதும் ஆஸ்தாதான். ப்ரேபனுக்குப் பாத்திரம் கழுவுகிற வேலை மட்டும்.

அவர் ரிமோட்டை அமுக்கினார். மூட்டை வெடுக்கென்று மேலே போய்ப் பேயாட்டம் ஆடியது. அடுப்பு, சுவர், தரை எல்லாம் சுடச்சுடச் சாறு. மலேனா இரண்டடி பின்னால் குதித்தாள்.

“மெதுவாடா. கொஞ்சம் தூக்கு, நிறுத்து, வடியட்டும். அப்புறம் இன்னும் கொஞ்சம்.”

“அது வடியற வரைக்கும் யாரு காத்துக்கிட்டு இருக்கறது? பிழிஞ்சுட்டா ஆச்சு.”

“பிழிஞ்சா துவர்க்கும். இத்தனை வருஷமா கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றேன்.”

மறுபடி அமுக்கினார். மூட்டை தொப்பென்று அண்டாவுக்குள் விழுந்தது.

“உன் கை ஏன் இப்படி நடுங்குது?”

“வயசாகுதில்ல.”

“குடு அந்த ரிமோட்டை.”

ப்ரேபன் நாற்காலியை மெஷினுக்குப் பின்னால் தள்ளி, அவளுடைய நல்ல கையில் ரிமோட்டைக் கொடுத்தார்.

ஆஸ்தா அமுக்கினாள். மூட்டை பூனை மாதிரி எழுந்தது. நிறுத்தினாள். சாறு அண்டாவுக்குள் கோடாக இறங்கியது. அது சொட்டுச் சொட்டாக ஆகும் வரை பொறுமையாக இருந்தாள். இன்னும் கொஞ்சம் தூக்கினாள். ப்ரேபனை வாளி கொண்டுவரச் சொல்லி, மெஷினை நகர்த்தச் சொல்லி, மூட்டையைச் சத்தமே இல்லாமல் அதில் இறக்கினாள்.

அப்புறமும் ரிமோட்டைக் கொடுக்கவில்லை. வெறும் கொக்கியை மேலே ஏற்றினாள், இறக்கினாள்.

“மலேனா, என்னைத் தூக்கும்போது இது என் கையிலயே இருக்கலாமா?”

“தாராளமா இருக்கலாம்.”

“இதை முதல்லயே சொன்னா என்ன?”

யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். மலேனாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“சரி, அந்தத் தூக்குத் துணியைக் கொண்டா. யாரும் எதையும் தொடக்கூடாது. நான்தான் அமுக்குவேன்.”

துணியை அவள் அடியில் போட்டுக் கொக்கியில் மாட்டியதும், ஆஸ்தா ரிமோட்டை அமுக்கி எழும்பினாள். பாதியில் தானே நிறுத்தினாள். மலேனா கையை நீட்டப்போய் இழுத்துக்கொண்டாள். ஆஸ்தா நிதானமாகச் சுற்றிலும் பார்த்தாள்.

“அலமாரி மேல இவ்வளவு தூசியா? துடைக்கறதே இல்லையா நீ?”

ப்ரேபன் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு ஓடினார். மலேனா மெஷினை மெல்லத் தள்ளிக்கொண்டுபோய்க் கட்டிலருகே நிறுத்த, ஆஸ்தா தன்னைத்தானே மெத்தையில் இறக்கிக்கொண்டாள்.

மலேனா அங்கேயே நின்று முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டாள். “அந்த அறையை வேற யாருக்காவது குடுத்துடுங்க.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. எத்தனை நாள் பாரம், அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

ப்ரேபன் வாசல் வரைக்கும் வந்தார்.

“கோபத்துல ஏதேதோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க,” என்றாள் மலேனா. “ஆனா அந்தக் கை நடுக்கத்தை அலட்சியமா விடக்கூடாது. டாக்டர்கிட்ட நானே நேரம் வாங்கித் தர்றேன்.”

ப்ரேபன் உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினார். இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினார். ஒரு விரல்கூட அசையவில்லை.

“துறைமுகத்துல முப்பது வருஷம் கிரேன் ஓட்டின கைம்மா இது. அவகிட்ட சொல்லிடாதே.”