செருப்பு அலமாரியில் ஒரு முட்டை

வைதேகி வீட்டில் ஆசாரம் அதிகம். தலையில் தேய்க்க வாங்கிய முட்டையை வாசலில், செருப்பு அலமாரியிலேயே வைத்தாள்.

அவள் கைப்பையில் துபாய்த் தம்பி கொடுத்த ஜெல்லி மிட்டாய் இருந்தது. அது மூக்கைப் பொத்திக்கொண்டு முட்டையிடம் சொன்னது: "தள்ளியே இரு. நான் பிள்ளையாருக்கு நைவேத்தியமாப் போறவன்."

"போயிட்டு வா, ராசா," என்றது முட்டை. "என்னைப் போட்ட கோழி இன்னும் குப்பையைக் கிளறிக்கிட்டுத்தான் இருக்கு. உன்னை எந்த மாட்டோட எலும்பைக் காய்ச்சி எடுத்தாங்க?"

ஜெல்லி நடுங்கியது. "மெதுவாப் பேசு! பிள்ளையார் காதுல விழப்போகுது."

வைதேகி முட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஜெல்லியைப் பிள்ளையாருக்குக் காட்டி, கண்ணில் ஒற்றி, வாயில் போட்டு மென்றாள்.

வாசல் பக்கம் திரும்பி முகம் சுளித்தாள்.

"சே, கவிச்சி இங்க வரைக்கும் அடிக்குது!"