எந்த மேதாவி பண்ணின வேலை?

"எந்த மேதாவிம்மா உங்க வீட்டுக்கு வயரிங் பண்ணினது?"

ஏணியில் நின்றபடியே எலக்ட்ரீஷியன் கேட்டார். ஆள் யாரென்று தெரிந்தால் இப்போதே போய் நாலு அறை கொடுத்துவிட்டு வருவார் போலிருந்தது.

"ஏன், அவ்வளவு மோசமா?" என்றாள் வீட்டுக்காரி.

அவள் கவலை அவளுக்கு. இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் கணவருக்குக் காற்று மெத்தை. பம்ப் ஓடாவிட்டால் முதுகெல்லாம் புண்ணாகிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். படுக்கையறையில் மூன்று நாளாக விளக்கும் இல்லை, பிளக்கும் இல்லை. ஹாலிலிருந்து வயர் இழுத்துச் சமாளித்தாள். இன்று காலை ஹாலும் படுத்துவிட்டது.

"மெயின் போர்டுல சுவிட்ச் எல்லாம் மேலதான் இருக்கு, எதுவும் ட்ரிப் ஆகி விழலை. நான் பாத்துட்டேன்."

"நீங்க பாத்தா போதுமா? அப்புறம் நாங்க எதுக்கு?" என்று இறங்கிப் போய்ப் பார்த்தார். எல்லாம் மேலேதான் இருந்தன. அதைச் சொல்லாமல் பிளக்கில் டெஸ்டரைச் செருகினார்.

"ரெண்டு ஓட்டையிலும் எரியுதே, நல்லதுதானே?"

"நல்லதா! கிழிஞ்சது போங்க. ஒண்ணுலதாம்மா எரியணும். நியூட்ரல் விட்டுப்போச்சு. கரண்ட் போகுது, திரும்பி வர வழியில்லை."

மறுபடி ஏணியில் ஏறிக் கூரையோரத்துப் பெட்டியைத் திறந்தார். உள்ளே கருகிப்போன டேப்.

"பாத்தீங்களா லட்சணத்தை? வயரைச் சும்மா முறுக்கி, டேப்பைச் சுத்திட்டுப் போயிருக்கான். இவனெல்லாம் மாடு மேய்க்கப் போயிருக்கலாம். ஆனா மாடு பாவம்!"

கருகியதை வெட்டியெறிந்துவிட்டு, கனெக்டர் போட்டு இறுக்கினார். விளக்கு எரிந்தது. உள்ளே பம்ப் உறுமத் தொடங்கியது. அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"இது இன்னிக்குத் தாங்கும். ஆனா எல்லாப் பெட்டியும் இதே அழகுதான். மொத்தத்தையும் பிரிச்சு மாத்தணும்."

"நான் சொன்னா இவர் நம்ப மாட்டாருங்க. நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்களேன்."

பெருமையில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கருவிப் பையிலிருந்து லெட்டர்பேடை எடுத்தார். 'ஜாயின்ட் அனைத்தும் தவறு. முழுப் பொறுப்பும் வயரிங் செய்தவரையே சாரும்' என்று எழுதி, கீழே வாலை நீட்டிக் கையெழுத்துப் போட்டார்.

"இப்போ அவன் பேரைச் சொல்லுங்க. செஞ்ச வேலைக்குப் பதில் சொல்லாம எப்படித் தப்பிக்கிறான்னு பாத்துடறேன்."

தாளை வாங்கிப் பத்திரமாக மடித்துக்கொண்டு, அவள் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தாள். "இதுல இருக்குங்க. பத்து வருஷ கியாரண்டின்னு எழுதிக் கொடுத்தது. ஏழுதான் ஆகுது."

அவர் ஏளனமாகச் சிரித்துக்கொண்டே பிரித்தார். அதே லெட்டர்பேட். அடியில் அதே வால் நீட்டிய கையெழுத்து.

"அப்போ சுவத்துக்குப் பூச்சுகூட இல்லை, அதான் உங்களுக்கு வீடு அடையாளம் தெரியலை. என் நம்பர்லேருந்து நாலு தடவை கூப்பிட்டேன், நீங்க எடுக்கலை. அதான் இன்னிக்குப் பக்கத்து வீட்டு போன்லேருந்து கூப்பிட்டேன்."