முழங்கை வரைக்கும்

அந்தத் தையல் கடையில் வருகிறவர்களிடம் பேசுவது இஞ்சு டேப்பின் வேலை. வெட்டுவது கத்தரிக்கோலின் வேலை. இரண்டும் ஒன்றோடொன்று அநாவசியமாகப் பேசுவதில்லை. அதில் இரண்டுக்குமே பெருமை.

ஒருநாள் செண்பகவல்லி பட்டுத் துணியும் அளவுக்குப் பழைய ஜாக்கெட்டும் கொண்டுவந்தாள்.

"இதே அளவுதான். கை மட்டும் முழங்கை வரைக்கும் வையுங்க. எண்ணெய் கொட்டின தழும்பு இருக்கு. தங்கச்சி கல்யாணம், நாலு பேர் பார்ப்பாங்க."

"ஆகட்டும்மா" என்றது டேப். பிறகு, "அளவு ஜாக்கெட் இருக்கு, பார்த்துக்கோ" என்று கத்தரிக்கோலிடம் தள்ளிவிட்டது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்து போட்டுப் பார்த்தாள். கை தழும்புக்கு மேலேயே நின்றுவிட்டது. அவள் சத்தம் போடவில்லை. முந்தானையை இழுத்துத் தழும்பை மூடிக்கொண்டு, "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

டேப் சுருண்டுகொண்டது. "கை நீளமா வேணும்னு அன்னைக்கே சொன்னாங்க. நான்தான் உன்கிட்ட சொல்லலை."

கத்தரிக்கோல் மெல்ல வாய் திறந்தது.

"வெட்டும்போதே துணி ரொம்ப மிஞ்சுச்சு. ஏன்னு நானும் கேட்கலை."

மிஞ்சிய பட்டு மேசைக்கடியில் கிடந்தது. இரண்டு கைக்கும் தாராளமாகப் போதும்.